கல்லெறிந்தால் குட்டி நாயின் குரைப்பு நிற்காது

 

நம் ஒழுங்கைகளில் இப்போது பொமரேனியன் குட்டிகள் கூடிவிட்டன. உடம்பு முயலளவு, சத்தமோ ஊரளவு. இரவெல்லாம் கடலில் வலை இழுத்தவரும் துறைமுகத்தில் இரவு வேலை பார்த்தவரும் பகலில்தான் தூங்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அமைதி வேண்டும். ஆகவே அயலவரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் கல்லெறிவதும், வாயைக் கட்டுவதும், இறைச்சியில் நஞ்சு வைப்பதும் எந்த வகையில் நியாயம்?

"நமக்கு நாய் ஆகாது" என்று சொல்லித் தப்ப முடியாது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்கள் நாம்தானே! நாயை வீட்டுக்குள் எடுக்காமல் இருப்பது வேறு, வாயில்லா ஜீவனை வதைப்பது வேறு. நாட்டுச் சட்டமும் 1907ஆம் ஆண்டிலிருந்தே மிருகவதையைக் குற்றம் என்கிறது.

வளர்ப்பவர்களுக்கும் சொல்கிறோம். "நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும்" என்பது பதிலாகாது. 2007இல் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், கேட்க விரும்பாதவர் காதில் சத்தத்தைத் திணிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிவாசலுக்கே பொருந்திய நியாயம் உங்கள் படலையில் கட்டிய நாய்க்குப் பொருந்தாதா?

குட்டி காரணமில்லாமல் குரைப்பதில்லை. பகல் முழுக்கத் தனியே கட்டிக் கிடந்தால் குரைக்கும். படலை இடைவெளியால் போகிற வருகிற ஆளைக் கண்டாலும் குரைக்கும். அந்த இடைவெளியைத் தகரத்தாலோ சாக்காலோ மறையுங்கள். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போங்கள். பசி, தண்ணீர், வெயில் மூன்றையும் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், எங்காவது வலியாக இருக்கலாம்.

அது குரைக்கும்போது நீங்களும் கத்தாதீர்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இது தெரியும்: வகுப்பை அடக்க நாம் சத்தம் போட்டால் வகுப்பும் சத்தம் போடும். குட்டிக்கோ, நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே தோன்றும். தாழ்ந்த குரலில் ஒரேயொரு தடவை "போதும்" என்று சொல்லிக் காத்திருங்கள். வாயை மூடிய அடுத்த நொடியே ஒரு சின்னத் துண்டு தீனி கொடுங்கள். முதல் நாள் 2 நொடி அமைதி போதும். பிறகு 5, பிறகு 10 என்று கூட்டுங்கள். குரைத்துக் கேட்கும்போது மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள், குரைத்தால் கிடைக்கும் என்று அது படித்துக்கொள்ளும். வாப்பா தடுக்க உம்மா கொடுத்தால் இந்தப் பாடம் ஏறாது. வீடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும்.

பிரம்பில்லாமல் படிப்பிக்கச் சொல்லிக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. பிள்ளைக்கு வேண்டாத அடி குட்டிக்கு மட்டும் எதற்கு? அடித்தால் அது பயப்படும், பயந்த நாய் இன்னும் குரைக்கும், கடிக்கவும் செய்யும்.

அயலவர் முறையிட வந்தால் சண்டைக்குப் போகாமல், எந்த நேரம் குரைக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு உங்கள் வளவில் நடப்பது அவருக்குத்தான் தெரியும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மதிலோடு மதிலாக வாழும் ஊர் இது. ஒரு குட்டி நாயின் சத்தத்தால் இங்கே ஒரு பகை முளைக்க விடக்கூடாது.