விடிவதற்குள் முடிய வேண்டிய வேலை

ஈப்போ, புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அந்தத் தொழிலில் புதிதாக இறங்கிய ஓர் இளைஞரின் குறிப்பேட்டை நினைத்துப் பாருங்கள். லோகோ மாற்ற வேண்டும். எஸ்.எஸ்.எம். நிறுவனப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தெக்குன் சிறுதொழில் கடனுக்குப் பாரம் நிரப்ப வேண்டும். ஹலால் சான்றிதழுக்கு என்னென்ன தேவை என்று விசாரிக்க வேண்டும். டிக்டாக்கில் வாரம் மூன்று வீடியோ போட வேண்டும். கடலை மாவு விலை ஏறிவிட்டது, வேறு மொத்தக் கடை பார்க்க வேண்டும். தொழில்முனைவோர் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் கீழே பக்கத்தின் அடியில் ஒரு வரி: தைப்பிங் கடைக்காரரைக் கூப்பிடணும்.

அந்தக் கடைக்காரர் போன மாதம் ஐம்பது பொட்டலம் எடுத்தவர். விற்றுப் போனதா, முறுக்கு நமத்துப் போனதா, மறுபடி வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. அந்த இடத்தில் வேறு யாருடைய பொட்டலத்தையாவது தொங்கவிட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இதழைப் படிக்கும் புதுத் தொழில்முனைவோர் நம்மிடம் அதிகமாகக் கேட்பது முதலீடு பற்றி என்றுதான் வெளியார் நினைப்பார்கள். உண்மையில் அடிக்கடி வரும் கேள்வி வேறு: “எல்லாமே அவசரமாக இருக்கிறது, எதை முதலில் செய்வது?” இதற்குப் பதில் சொல்லும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. கட்டம் போட்டு அவசரம், முக்கியம் என்று பிரிக்கச் சொல்வார்கள். பிரித்து முடித்தால் எல்லா வேலையும் ‘அவசரமும் முக்கியமும்’ கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பேராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வீட்டிலேயே இருக்கிறது. நம்மில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் பால் மரம் வெட்டியவர்கள்.

தோட்டத்து நாள் இருட்டோடு தொடங்கியது. பெரட்டு எனும் வருகைக் கணக்கெடுப்புக்கு நின்று, கங்காணி காட்டிய மர நிரைக்குப் போய், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவினார்கள். இரவில் மரம் நீர் உறிஞ்சி விறைப்பாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும். அதனால் வெட்டு விடியலை ஒட்டி முடிந்தாக வேண்டும். பிறகு மரத்தில் கட்டிய மங்கில் பால் இறங்கும் வரை காத்திருந்து, அது உறைவதற்குள் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். புல் வெட்டுவதும் மருந்து அடிப்பதும் அதற்குப் பிறகும் செய்யலாம், நாளைக்கும் செய்யலாம். ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் மறுநாள் வரை காத்திருக்கும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டே கிடையாது. தினமும் வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார்கள்.

இந்த ஒழுங்கை யாரும் உட்கார்ந்து முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தவில்லை. நேரம் தப்பினால் கெட்டுப்போகிற வேலை எது, தப்பினாலும் கெடாத வேலை எது என்பதை மரம் சொன்னது. தொழில் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். தைப்பிங் கடைக்காரரை இந்த வாரம் கூப்பிடாவிட்டால் அந்த இடம் போய்விடும். லோகோ அடுத்த ஆண்டு மாறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கேள்வி மட்டும் போதாது. போட்டிக்கும் கடைசித் தேதி உண்டு, மானியப் பாரத்துக்கும் உண்டு. தேதி வைத்துக்கொண்டு வருகிற எல்லாமே பால் மரம் ஆகிவிடாது. அந்த வேலை முடிந்தால் வேறு எத்தனை வேலைக்கு வழி திறக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு நம் மாநிலத்துக்காரர் ஒருவர் தொடங்கிய நிறுவனத்தை உதாரணம் சொல்லலாம். அதை நாம் அரசியல் வரலாறாகப் படிக்கிறோமே தவிர, தொழில் பாடமாகப் படிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1960இல் அவர் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர், அமைச்சரவையில் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். அந்தக் காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி மறுபடி விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். தோட்டம் கைமாறினால் வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு தோட்டத்துடையது, தமிழ்ப்பள்ளி நின்ற நிலமும் கோயில் நின்ற நிலமும் தோட்டத்துடையவை. ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் எல்லாமே ஆட்டம் கண்டது.

அமைச்சர் ஒருவருக்கு இங்கே வழிகள் பல இருந்தன. சட்டம் கேட்டுப் போராடலாம். வேலை இழந்தவர்களுக்கு நிவாரணம் திரட்டலாம். பள்ளிகளை மட்டும் காப்பாற்றப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். ஆனால் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசி உறுப்பினர் சேர்த்தார். சேர்ந்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். தலைநகரில் சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் எழுந்ததெல்லாம் பிறகு.

இந்த வரிசையை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். வேலை, வீடு, பள்ளி, கோயில் என்று தனித்தனியாகத் தெரிந்த பிரச்சினைகள் எல்லாம் நிலம் என்ற ஒரே முடிச்சில் தொங்கின. நிலம் கைக்கு வந்தால் மற்றவை நிற்கும். வராவிட்டால் மற்றவற்றில் எதைச் செய்தாலும் நிற்காது. நிலத்துக்குக் கெடுவும் இருந்தது, விற்றுத் துண்டாகிவிட்ட தோட்டத்தை ஒட்ட வைக்க முடியாது. தேசிய நிலச் சட்டமே 1965இல்தான் வந்தது. பெரிய தோட்டங்களை அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது என்கிற 214ஏ பிரிவு அதில் பின்னால்தான் சேர்ந்தது. அதற்காகக் காத்திருந்தால் எத்தனை தோட்டம் மிஞ்சியிருக்கும்? சட்டம் பலர் கையில் இருந்த விஷயம். சம்பளத்தில் பத்து வெள்ளியை ஒதுக்கும்படி ஒரு தொழிலாளியை ஒத்துக்கொள்ள வைப்பது, நேரில் போய்ப் பேசத் தயாராக இருக்கும் ஒருவரின் கையில் இருந்தது. அவர் அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டுவிட்டு அலுவலகத்தில் உட்காரவில்லை என்பதை நம் நிறுவனர்கள் கவனிக்க வேண்டும்.

ஈப்போவிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. ஓல்ட்டவுன் ஒயிட் காப்பி 1999இல் தொடங்கியபோது விற்றது ‘த்ரீ-இன்-ஒன்’ காப்பித் தூள் பாக்கெட். தெருவுக்குத் தெரு கோப்பிக்கடை இருக்கும் ஊரில், கடை திறக்கும் ஆசை முதல் நாளே யாருக்கும் வரும். கடை வரிசை வந்தது 2005இல். 2011இல் புர்சா பங்குச் சந்தையில் பட்டியலாகி, 2018இல் ஜேக்கப்ஸ் டவ் எக்பெர்ட்ஸ் கைக்குப் போனது. பலரும் அந்தக் கடைசி விற்பனை விலையைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது கடை இல்லாமல் பாக்கெட்டோடு கழிந்த அந்த ஆறு ஆண்டுகள்.

எலியாஹு கோல்ட்ராட் 1984இல் ஒரு தொழிற்சாலையைக் களமாக வைத்து எழுதிய ‘தி கோல்’ நாவல் சொல்வதும் இதன் பக்கத்தில்தான் வருகிறது. எந்த இயந்திரத்தில் வேலை தேங்குகிறதோ அதைச் சரிசெய்யாமல் மற்ற இயந்திரங்களை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வாசலில் இறங்கும் சரக்கு கூடாது. நம் இளைஞருக்கு எங்கே தேங்குகிறது? உற்பத்தியில் இல்லை. விளம்பரத்திலும் இல்லை, முதல் ஐம்பது பொட்டலம் போய்விட்டதே. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்குகிறாரா என்பது தெரியாத இடத்தில் தேங்குகிறது. முறுக்கு நமத்துப்போயிருந்தால் பொட்டலத்தை ஒட்டும் விதத்தையும் தாளையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குத்தான் கடன் தேவைப்படும். தெக்குன் பாரத்தில் எவ்வளவு தொகை எழுதுவது என்பதே அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் தெரியும்.

சத்தம் போடுகிற வேலை எப்போதும் முன்னால் வந்து நிற்கும். வாட்ஸ்அப் மணி அடிக்கும், கடைசித் தேதி மின்னஞ்சலில் சிவப்பாக வரும், சொந்தக்காரர் “இன்னும் பேஸ்புக்கில் போடலையா தம்பி?” என்று கேட்பார். விலகிப்போகும் வாடிக்கையாளர் மட்டும் ஒரு சத்தமும் போடமாட்டார். ஆகவே காலையில் கைபேசியைத் திறக்கும் முன்பே அன்றைய நிரையை எழுதி முடித்துவிடுவது நல்லது. நீளமான பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு வேலை. அது முடியும் வரை மற்றவை ஸ்டோர் வாசலில் காத்திருக்கட்டும். எந்த வேலையை இந்த மாதம் தொடப்போவதில்லை என்பதையும் பக்கத்தில் எழுதி, கூட்டாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தள்ளிப் போட்ட வேலை இரவில் தூங்க விடாது. வாரத்தில் ஒருநாள் கடையைச் சாத்துவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், மரத்துக்கே ஓய்வு கொடுத்த பரம்பரை நாம்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் கடன் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. முப்பது பக்கத் தொழில் திட்டம் கேட்டால் முப்பது பக்கம் எழுதுவதே நிறுவனரின் முதல் வேலை ஆகிவிடுகிறது, ஒரு மாதம் அதிலேயே போய்விடுகிறது. அதற்குப் பதிலாக, இரண்டாம் முறை வாங்கிய ஐந்து பேரின் ரசீதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பயிற்சி முதல் வாரத்திலேயே பங்கேற்பாளர்களைக் கம்பாருக்கும் தாப்பாவுக்கும் தெலுக் இந்தானுக்கும் அனுப்பிக் கடைக்காரர்களிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். ஸ்லைடு போடக் கற்றுக்கொடுப்பதை மூன்றாம் மாதம் வைத்துக்கொள்ளலாம்.