எந்தப் பாதி ஊனம்?

ராணுவத்தில் உடல் கெட்டவனுக்கு அரசு ஒரு சதவீதம் போடுகிறது. மருத்துவக் குழு கையெழுத்திட்ட தாள். அது வெறும் மருத்துவம் என்று நம்பிவிடாதீர்கள் தோழர்களே. இப்போது பென்ஷன் ஸ்பர்ஷ் கணினி வழியே போனாலும், தாளைப் படித்துச் சொல்லக் கேட்டு வங்கிக்குத்தான் வருகிறார்கள்.

"அம்பதுன்னு போட்டிருக்குதுங்களே, எந்தப் பாதிங்க தம்பி?" என்றார் சங்ககிரிப் பக்கத்துச் சேரிப் பெரியவர். குழு அவருக்குத் தந்தது 40. ஐம்பதுக்குக் கீழே என்றால் 50, எழுபத்தைந்து வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தித் தரும் விதி 1996 முதல் உண்டு. நோயால் இடையில் அனுப்பப்பட்டவனுக்கு மட்டும்தான் என்று அரசு முரண்டு பிடித்தது. காலம் முடித்து வந்தவனுக்கும் உண்டு என்று 2014ல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஐம்பது என்றால் அதில் பாதி. நாற்பதாயிரம் வாங்கிய சிப்பாய்க்கு 6,000. இரண்டு லட்சம் வாங்கிய அதிகாரிக்கு 30,000. ஒரே விபத்து, ஒரே கால். காலுக்கும் படிநிலை வைத்த நாடய்யா இது!

சதவீதத்தை விடக் கொடியது அதற்கடுத்த வரி: சேவையால் வந்ததுமல்ல, சேவையால் கூடியதுமல்ல. இது விழுந்தால் 80 சதவீதமானாலும் ஊன ஓய்வூதியம் கிடையாது. ஏனென்றால், உடம்பின் பிறவிக்கூறாம். பிறப்பில் குற்றம் காண்பது இவர்களுக்குப் புதுசா என்ன? 1890களில் மகர்களைப் படையில் சேர்க்காமல் நிறுத்திய வெள்ளைக்காரனும் வீரம் பிறப்பில் இருக்கிறதென்றுதான் சொன்னான். அதுவரை அவர்கள் தலைமுறை தலைமுறையாய்த் துப்பாக்கி தூக்கியது கணக்கில் வரவில்லை.

சிப்பாய் தரம்வீர் சிங் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, வலிப்பு நோயோடு, 20 சதவீத ஊனம் என்று அனுப்பப்பட்டார். சேவைக்குச் சம்பந்தமில்லை என்றது குழு. சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவில்லையென்றால் சேவையில் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோட்டை அடிவாரத்தில் விடியுமுன் ஓடிப் பழகும் நம் பையன்களுக்கு 2022 முதல் அக்னிபத். நாலு வருஷம், பென்ஷனே இல்லை. 100, 75, 50 சதவீத ஊனத்துக்கு ஒரே தவணையாய் 44, 25, 15 லட்சம். அதுவும் சேவையால் வந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான். இருபது வயதில் கால் போனவன் பதினைந்து லட்சத்தை எத்தனை வருஷத்துக்குப் பங்கு போடுவான்?

சட்டம் படிக்கும் தோழர்கள் கொஞ்சம் சேரிக்குள் வாருங்கள். மருத்துவக் குழுத் தாளின் நகலையும், படையில் சேர்ந்த நாளின் மருத்துவப் பதிவையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கமாய் வைத்துப் படியுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.