மறுதேர்வு இழுக்கன்று

கல்வியைக் கண்ணெனப் போற்றுவதாகப் பறைசாற்றிக்கொள்ளும் தமிழ்ச் சமுதாயம், ஒரு தேர்வை மறுமுறை எழுத முன்வரும் மாணாக்கரை மட்டும் ஏளனமாக நோக்குகிறது. "கிடைத்தது போதும்" என்பர் பெற்றோர். "ஒருமுறை வாராதது மறுமுறை வந்துவிடுமோ?" என்பர் அண்டை அயலார். ஆசிரியரும் வாய்மூடி நின்றுவிடின், தோட்டப்புறத்தை விட்டு ரவாங் போன்ற நகர்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பல்கலைக்கழக வாயிலைக் கண்ணால் கண்டும் உள்ளே புகாமல் திரும்ப நேரும்.

மலேசியாவின் எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாக நடைபெறுகிறது. குறைந்த புள்ளி பெற்ற பருவத்தின் தாளை மட்டும் மறுபடியும் எழுதலாம்; இருமுறை பெற்றவற்றுள் உயர்ந்ததே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே, மறுதேர்வு தேர்வு வாரியம் இரங்கி இடும் பிச்சையன்று; தேர்வின் அமைப்பிலேயே வகுக்கப்பட்ட உரிமை.

அவ்வுரிமையின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு அடைவுநிலைக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியன. நான்கு பாடங்களிலும் 'பி பிளஸ்' பெற்றவரின் சராசரி 3.33. அவர் ஒரே ஒரு பாடத்தை 'ஏ' நிலைக்கு உயர்த்தினால் அது 3.50 ஆகும்; தகுதிப் புள்ளி ஏறத்தாழ 3.8 கூடும். போட்டி மிக்க துறைகளில் ஒரு புள்ளியும் இடத்தை மாற்ற வல்லது. அண்டை வீட்டார் நாவுக்கு அஞ்சி இதனைக் கைவிடுவது அறிவுடைமையாகுமா?

முதல் முயற்சியே உண்மைத் திறனைக் காட்டும் என்பர் சிலர். முதல் முயற்சி அன்றைய நிலையைக் காட்டும், அவ்வளவே. மறுமுறை எழுதுபவர்க்கு எளிய தாளோ இரக்கப் புள்ளியோ வழங்கப்படுவதில்லை. அவர் பெறும் உயர்வு கற்றதனால் வந்த உயர்வே.

மறுதேர்வு பணமுடையார்க்கே பயன்படும் என்னும் மற்றொரு வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தமிழ்நாட்டில் 'நீட்' தேர்வை ஆராய்ந்த நீதிபதி ஏ. கே. இராசன் குழு, மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோருள் மறுமுறை முயன்றவர் 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததை 2021இல் எடுத்துக்காட்டியது. ஓராண்டுக் காலத்தையும் பயிற்சி மையக் கட்டணத்தையும் ஏழை எங்ஙனம் ஈடுகட்டுவான்? அங்கே முழுத் தேர்வையும் மீண்டும் எழுத வேண்டியுள்ளது; இங்கோ ஒரு தாளை மட்டும் எழுதலாம். ஏழைக்கும் எட்டும் வாய்ப்பை ஏழையே வெட்கத்தால் இழப்பதுதான் பெருங்கொடுமை.

எனினும், எல்லாரும் மறுமுறை எழுத வேண்டும் என்பது கருத்தன்று. விரும்பிய துறைக்கு இருக்கும் புள்ளியே போதுமெனில், பெருமைக்காக மீண்டும் எழுதுவது வீண். குறைந்ததன் காரணத்தை ஆராயாது, பழைய குறிப்பேட்டைப் பழைய முறையிலேயே புரட்டுவதும் வீண். 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாற்றலால் இயங்கும் நீரிறைப்பொறியை நிறுவினர். சுரங்கத்தில் நீர் ஊறியதென்று அவர்கள் சுரங்கத்தைக் கைவிடவில்லை. பழைய கருவியோடு மட்டும் நின்றுவிடவும் இல்லை. மறுதேர்வு எழுதுவார்க்கும் இதுவே வழி: இலக்கு நிற்க, முறை மாற வேண்டும்.

எந்தத் தாளில் குறைந்தது, ஏன் குறைந்தது, எத்துறைக்கு எத்தனை புள்ளி தேவை, வீட்டில் படிக்க நேரமுண்டா என்னும் நான்கு வினாக்களை மாணாக்கரோடு அமர்ந்து ஆராய்வது ஆசிரியர் கடமை. முடிவு வந்த நாளில் சிறப்புத் தேர்ச்சி பெற்றோர்க்கு மாலை சூட்டுவதோடு அக்கடமை முடிந்துவிடாது. மாலை பெறாது வாயிற்புறம் நிற்கும் மாணவனை அழைத்து அவ்வினாக்களைக் கேட்கும் ஆசிரியரே அவன் வாழ்வுக்கு வழி திறப்பவர்.