பழைய இரும்புக் கடையில் ஒரு நோட்டு

போன கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் ஒயரை ராவோடு ராவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஓடைக்கரையில் ஒரு சாம்பல் வட்டம் கண்ணில் பட்டது. குச்சியால் கிளறினால் கருகிய பிளாஸ்டிக் வாடை. ஒயரின் மேல்தோல் துண்டு துண்டாகக் கிடந்தது, செம்பு இல்லை. தண்ணீர் இல்லாமல் கத்தரி வாடியது எங்கள் கஷ்டம். அந்தச் செம்பு ஏதோ ஒரு கடைத் தராசில் ஏறிக் காசாகியிருக்கும்.

பழைய இரும்புக் கடைகளுக்கு லைசென்சும் வாங்கல் பதிவேடும் கட்டாயம் வேண்டும் என்று நான் சொன்னால், கீழப்பாவூர் டீக்கடையில் வழக்கமாகச் சில பதில்கள் வரும்.

"திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை, வியாபாரி ஏன் கணக்கு எழுதணும்?" என்பது முதல் பதில். வாங்க ஆள் இருப்பதால்தான் ஒயர் அறுபடுகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. அதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனைகூட உண்டு. ஆனால் யாரிடம், என்றைக்கு வாங்கினார் என்று ஒரு வரிகூட இல்லாத கடையில் இதை எப்படி நிரூபிப்பது?

"ஏழை வியாபாரி தலையில் புதுச் சுமை" என்பார்கள். புதிதில்லை. பழைய பொருள் வியாபாரிகளுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்த 1985-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அடகுக் கடைக்காரர்களுக்கோ 1943 முதலே சட்டம் இருக்கிறது. அரைப் பவுன் கம்மலுக்குப் பெயர், ஊர், எடை எழுதி ரசீது தருகிறார்கள். இருபது கிலோ செம்புக்கு மட்டும் அது ஏன் பாரமாகிறது? 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், பில்லும் அவரே போட வேண்டும். பெரிய கடைகள் ஏற்கெனவே எழுதித்தான் ஆகின்றன.

மூன்றாவது பதிலை நான் மதிக்கிறேன். "நோட்டு வைத்தால் போலீஸ் வந்து மிரட்டும், மாமூல் கேட்கும்." இந்தப் பயம் பொய்யில்லை. களவுப் பொருள் 'ரெக்கவரி' என்று போலீஸ் வந்து நல்ல சரக்கையும் அள்ளிப் போவதாகக் கடைக்காரர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் மிரட்ட வசதியாக இருப்பது எழுத்தில்லாத கடைதானே? உதாரணத்துக்கு, எங்கள் பக்கத்துப் பாவூர்சத்திரம் வழியாக ரயில் ஓடுகிறது. ஒரு தண்டவாளத் துண்டு கடையில் அகப்பட்டால் 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம் பாயும். அது களவு போன ரயில்வே சொத்தாக இருக்கலாம் என்ற நியாயமான சந்தேகத்தை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், நேர்மையாகத்தான் வந்தது என்று கடைக்காரரே நிரூபிக்க வேண்டும். அன்றைக்கு அவர் கையில் நீட்ட நோட்டைத் தவிர வேறு என்ன இருக்கும்? நோட்டை யார், எப்போது பார்க்கலாம், பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதுங்கள் என்று வியாபாரிகள் கேட்கட்டும். நானும் கூட நிற்பேன்.

"இங்கே கெடுபிடி செய்தால் சரக்கு புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடும்" என்பதும் உண்டு. ஐந்து கிலோ செம்பை எரித்தெடுத்தவன் மலை தாண்டிப் போகமாட்டான், பக்கத்துக் கடையைத்தான் தேடுவான். இப்படிக் கெடுபிடி வைத்த நாடுகளும் உண்டு: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 சட்டப்படி பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுக்கக் கூடாது. விற்பவரின் பெயர், முகவரியைச் சரிபார்த்து, பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

களவே நடக்காவிட்டாலும் பதிவு வேண்டும். 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவி ஒன்று மாயாபுரி கழிவுச் சந்தைக்குப் போனது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி இறந்தார். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது உயிர்க் கேள்வி.

பேரீச்சம்பழத்துக்கு ஓட்டைத் தகரம் வாங்கும் சைக்கிள்காரரை இதில் இழுக்க வேண்டாம். செம்பு, பித்தளை, பேட்டரி, மோட்டார், கேபிள் இவற்றுக்குப் போதும்.

கடைக்கார அண்ணாச்சிமாரே, அரசாங்கம் கெடுபிடி செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஒரு நோட்டு வாங்கித் தராசுப் பக்கத்தில் வையுங்கள். எரிந்த ஒயரோடு வருபவரிடம் பெயரும் ஊரும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எடை போடாதீர்கள்.