உதவிக்கு வருபவன் வேஷத்தில் திருடன்!

திருடன் இரவில் வருவான், சுவரில் கன்னம் வைப்பான் என்பது அந்தக் காலம். இன்றைய திருடன் பட்டப்பகலில் டெலிபோனில் கூப்பிடுகிறான். “சார், உங்கள் கணக்குக்கு ஆபத்து வந்திருக்கிறது, காப்பாற்றத்தான் பேசுகிறேன்” என்கிறான். கம்பெனியின் பெயரைச் சொல்கிறான். நம்முடைய பெயரையும் விலாசத்தையும்கூடச் சொல்கிறான். பேசி முடிப்பதற்குள் பணம் போய்விடுகிறது.

பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களில் பணம் போட்டவர்களைக் குறிவைத்து இந்த மோசடி உலகெங்கும் நடக்கிறது. இது பணக்காரர்களின் சூதாட்டம், நமக்கென்ன என்று ஒதுங்கிவிட முடியாது. மணவூர் ஸ்டேஷனில் ரயிலேறி சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் வேலைக்குப் போகும் வாலிபனிடமும், பள்ளிப்பட்டு வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளியின் மகனிடமும் செல்போன் இருக்கிறது. நூறு ரூபாய் இருந்தாலே போதும், இதில் இறங்கலாம் என்ற ஆசை வார்த்தை அதில் வருகிறது. நிரந்தர வேலை இல்லை. சம்பளம் விலைவாசியை எட்டவில்லை. நாலு காசு சீக்கிரம் சேராதா என்ற ஏக்கம் அவர்களை இழுக்கிறது. அந்த ஏக்கத்தைக் குற்றம் சொல்ல நாம் தயாரில்லை. ஆனால் எச்சரிப்பது நமது கடமை.

2022-ல் அம்பலமான ஆருத்ரா நிதி நிறுவன மோசடியை நம் பகுதி மக்கள் மறக்கவில்லை. சுமார் ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டது. அங்கே சீல் வைக்க ஆபீஸ் கதவாவது இருந்தது. முடக்குவதற்குச் சொத்தும் பாங்கிக் கணக்கும் இருந்தன. கிரிப்டோ விஷயம் வேறு. நாணயங்களை வைத்திருக்கும் ‘வாலட்’ என்ற பணப்பையின் சாவி, 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ரகசிய வரிசையாகும். அந்தச் சொற்கள் எவன் கையில் சிக்குகின்றனவோ அவன் பை முழுவதையும் காலி செய்யலாம். ஒருமுறை போன நாணயத்தைத் திருப்பித் தரச் சொல்ல அங்கே பாங்கி மானேஜர் யாரும் கிடையாது.

திருடனுக்கு நம் விலாசம் எப்படித் தெரிகிறது? அமெரிக்காவின் பெரிய கிரிப்டோ கம்பெனியான காயின்பேஸ் 2025 மே மாதம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. வெளிநாடுகளில் அதற்காக வாடிக்கையாளர் உதவி வேலை பார்த்த சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு விவரங்களைத் திருடர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 69,461 பேருடைய விவரங்கள் வெளியேறின. அவற்றைக் கொண்டு கம்பெனி ஆட்களைப் போல் நடித்து நாணயங்களைப் பறிப்பதே திருடர்களின் திட்டம். இதைக் காட்டிக் கம்பெனியை மிரட்டி 2 கோடி டாலரும் கேட்டார்கள்; கம்பெனி மறுத்துவிட்டது.

இதில் நமது நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. காயின்பேஸுக்காக இந்தூரில் உதவி மையம் நடத்தியது டாஸ்க்அஸ் என்ற காண்டிராக்ட் கம்பெனி. விவரம் திருடியதாக இரண்டு ஊழியர்களை நீக்கியதாக அக்கம்பெனி கூறியது. ஆனால் 2025 ஜனவரியில் அந்த மையத்தில் வேலை இழந்தவர்கள் 200 பேருக்கும் மேல்! இருவர் மீது குற்றச்சாட்டு. இருநூறு குடும்பங்களுக்குத் தண்டனை. லஞ்சம் வாங்கியவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. லட்சக்கணக்கானவர்களின் அந்தரங்க விவரங்களை மலிவான கூலிக்கு ஆள் தேடிக் கடல் கடந்து காண்டிராக்ட் விட்டது யார் என்றுதான் கேட்கிறோம்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ணுவதும் தவறு. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டனில் ஒரே ஆளிடமிருந்து 4,100-க்கும் அதிகமான பிட்காயின்கள் பறிபோயின. கூகுள், ஜெமினி கம்பெனிகளின் உதவியாளர்கள் போலப் பேசியே அந்தக் கொள்ளை நடந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. கோடீசுவரர் ஏமாந்தாலும் அவருக்கு மிச்சம் இருக்கும். தொழிலாளிக்குப் போவது மகளின் கல்யாணச் சேமிப்பு.

ஆகவே சில விஷயங்களை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்:

(1) ரகசியச் சொற்களை எந்த உண்மையான கம்பெனியும் கேட்காது. கேட்கிறவன் யாராயினும் திருடனே. அவற்றைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். போட்டோ எடுத்துப் போனில் வைக்காதீர்கள்.

(2) “பத்திரமான வாலட்டுக்கு நாணயத்தை மாற்றுங்கள்” என்று போனில் சொல்வது சுத்தப் பித்தலாட்டம். தொடர்பைத் துண்டியுங்கள்.

(3) உதவி நம்பரைக் கூகுளில் தேடிப் பிடிக்காதீர்கள். போலி நம்பர்கள் அங்கே காத்திருக்கின்றன. கம்பெனியின் சொந்தச் செயலியில் உள்ள வழியையே பயன்படுத்துங்கள். எனிடெஸ்க் போன்றவற்றை ஏற்றி, நமது போனை மற்றவன் ஆட்டிவைக்க விடாதீர்கள்.

(4) போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருகிறவன் இரண்டாவது திருடன்.

(5) ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். பாங்கி வழியாகப் போன ரூபாயையாவது தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

ஆனால் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதுமா? சர்க்கார் என்ன செய்கிறது? 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்தில் 30 சதவிகிதம் வரி. அந்த ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவிகிதம் பிடித்தம். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் அனுமதியில்லை. 2023 மார்ச்சில் இந்தக் கம்பெனிகளைக் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள், நல்லதுதான். ஆனால் பணம் போட்ட சாமானியனைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் எங்கே? வரி வசூலிக்கத் தெரிந்த கைக்கு, பாதுகாப்புக் கொடுக்க மட்டும் தெரியாதா?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. வாடிக்கையாளரின் விவரம் கம்பெனியின் பக்கமிருந்து கசிந்தால், அதனால் வந்த நஷ்டத்தைக் கம்பெனியே ஈடுகட்ட வேண்டும். போலி உதவி நம்பர்களுக்கு விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் நிறுவனங்களையும் பொறுப்பாளிகளாக்க வேண்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் அலைக்கழிக்காமல் புகார் வாங்க வேண்டும். எல்லைப்புறமான நம் பகுதியில் ரயில் நிலையங்களிலும் ரேஷன் கடைகளிலும் தமிழிலும் தெலுங்கிலும் எச்சரிக்கை அறிவிப்புகள் வைக்க வேண்டும்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பதுதான் திருடனுக்குப் பெரிய பாதுகாப்பு. ஏமாந்தவன் குற்றவாளி அல்ல, ஏமாற்றியவனே குற்றவாளி. வெளியே சொல்லுங்கள், புகார் கொடுங்கள், பக்கத்து வீட்டாரையும் எச்சரியுங்கள். தறிக்கூடத்திலும் ரயில் பெட்டியிலும் இதைப் பேசுங்கள். தனியாக இருப்பவனைத்தான் திருடன் தேடுகிறான். நாம் தனித்திருக்க வேண்டாம்.