ஊலூ பதக்கமும் எண்ணெய்க் கழிவும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள வுட் பஃபலோ வட்டார நகராட்சியில் 2023 பிப்ரவரி 4 அன்று இரு நிகழ்வுகள் நடந்தன. ஒன்று, வடதுருவப் பகுதி இளைஞர்களுக்கான ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் நிறைவு விழா. ஃபோர்ட் மெக்மர்ரே நகரில் ஒரு வாரம் ஓடியும் தாவியும் பறைகொட்டியும் மகிழ்ந்த பிள்ளைகள் அன்று விடைபெற்றுக்கொண்டனர். மற்றொன்று, அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கியர்ல் எண்ணெய் மணல் சுரங்கத்தில் 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் கரைகடந்து வழிந்தோடியது அன்று கண்டறியப்பட்டது.

விபத்து எங்கும் நேரலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அதே சுரங்கத்தின் கழிவுக் குளத்திலிருந்து நச்சுநீர் கசிவதற்கான அறிகுறி 2022 மே மாதத்திலேயே தென்பட்டுவிட்டது. நீரோட்டத்தின் கீழ்த்திசையில், அதே நகராட்சி எல்லைக்குள் உள்ள ஃபோர்ட் சிப்பவையான் ஊரில் வாழும் பழங்குடி மக்கள் அந்த ஆற்றின் மீனை உண்கிறார்கள். அந்த நிலத்தில் வேட்டையாடுகிறார்கள். வெளிவருவது சுரங்கக் கழிவு என்ற உண்மை ஒன்பது மாதங்கள் வரை அவர்களுக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை. இரண்டாவது பெருக்கெடுப்புக்குப் பின் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு பிறப்பித்தபோதுதான் அவர்கள் அறிந்தார்கள். பெரும்பான்மைப் பங்குகளை எக்ஸான்மொபில் வைத்திருக்கும் இந்நிறுவனத்துக்கு 2024-இல் அந்த ஆணையம் விதித்த அபராதம் 50,000 டாலர். ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்கு இது தண்டனையா, அனுமதிக் கட்டணமா?

வடக்கின் பண்பாட்டை மேடையேற்றிப் போற்றுவதும், அப்பண்பாடு வேரூன்றிய நீரையும் நிலத்தையும் நஞ்சாக்குவதும் ஒரே நகராட்சி எல்லைக்குள் எப்படிப் பொருந்தி இருக்கின்றன என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இப்போட்டி குறித்து நம் வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 1967-இல் கியூபெக் நகரில் நடந்த கனடா குளிர்கால விளையாட்டில் வடக்கிலிருந்து சென்ற அணிகள் தென்பகுதி அணிகளிடம் படுதோல்வி அடைந்தன. பயிற்சிக் கூடமோ சமநிலைப் போட்டியாளரோ இல்லாத வடக்கத்திய பிள்ளைகளுக்கென்று தனிக் களம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அலாஸ்கா ஆளுநர் வால்டர் ஹிக்கல், வடமேற்கு நிலப்பகுதியின் ஆணையர் ஸ்டூவர்ட் ஹாட்ஜ்சன், யூக்கான் ஆணையர் ஜேம்ஸ் ஸ்மித் ஆகிய மூவரும் அதை ஏற்றனர். 1970-இல் யெல்லோநைஃப் நகரில் முதல் போட்டியைக் கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோ தொடங்கிவைத்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இவ்விழாவில் இன்று ஏறத்தாழ 2000 பேர் பங்கேற்கிறார்கள், பெரும்பாலோர் பதின்பருவத்தினர். பழங்குடியினர் மட்டுமல்ல, வடக்கில் குடியேறிய மற்றவர்களின் பிள்ளைகளும் இதில் உண்டு. பனி ஹாக்கி, சறுக்கு ஓட்டம் போன்றவற்றோடு ஒவ்வொரு அணியும் தன் இசையையும் நடனத்தையும் கொண்டுவந்து அரங்கேற்ற வேண்டும் என்பது விதி.

தொடங்கியவர்களின் பட்டியலைக் கவனியுங்கள்: ஓர் ஆளுநர், இரண்டு ஆணையர்கள். அன்றைய ஆணையர்கள் ஒட்டாவாவால் நியமிக்கப்பட்ட நிர்வாகிகள். வடக்கின் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். விழா மேலிருந்து வந்தது. அதனால் இதனை ஆட்சியாளர்களின் வாணவேடிக்கை என்று ஒதுக்கிவிடலாமா? இடதுசாரி நண்பர்கள் சிலர் இத்தகைய விழாக்கள் அனைத்தையும் அப்படித்தான் அணுகுகிறார்கள். களத்தில் என்ன நடக்கிறது என்று பாராமல் சொல்லப்படும் தீர்ப்பு அது.

இங்கு வழங்கப்படும் பதக்கம் வட்டமானதல்ல. ஊலூ என்னும் பிறைவடிவக் கத்தியின் உருவில் அது வார்க்கப்படுகிறது. கடல்நாயின் தோலை உரிக்கவும், இறைச்சியை அரியவும், ஆடைக்குத் தோலை வெட்டவும் இனுயிட் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட கருவி அது. வென்றவரின் மார்பில் தொங்குவது பெண்ணின் உழைப்புக் கருவி! அரசர்களின் கிரீடத்தையும் சிங்கத்தையும் பதக்கத்தில் பொறிக்கும் உலகில் இது சாதாரணமான செய்தியன்று.

விளையாட்டுகளும் அத்தகையவையே. உயரத்தில் தொங்கும் தோல்பந்தை இரு கால்களையும் சேர்த்து எம்பி உதைத்து, இரு கால்களிலும் தரையிறங்க வேண்டிய ஒரு போட்டி உண்டு. வேட்டை வாய்த்துவிட்டது, உதவிக்கு வாருங்கள் என்று தொலைவில் உள்ள ஊருக்குத் தூதன் எம்பிக் குதித்துக் காட்டிய சைகையே அந்த விளையாட்டானது என்பர். விரல் முட்டிகளையும் பாத நுனிகளையும் மட்டும் தரையில் ஊன்றித் தத்திச் செல்வது, பனிமேல் நகரும் கடல்நாயின் நடையைப் போன்றது. கொழுப்புத் தடவிய குச்சியை எதிராளியின் பிடியிலிருந்து இழுப்பது தேனே மக்களின் விளையாட்டு. வழுக்கும் மீனின் வாலைப் பிடிக்கும் கைக்கு அது பயிற்சி. இன்னொரு செய்தியும் உண்டு. இந்த மரபு விளையாட்டுகளில் ஒருவர் தவறும்போது, அவரோடு மோதும் வீரரே அருகில் வந்து காலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். பனிவெளியில் அண்டை வீட்டான் வேட்டையில் தோற்றால் பட்டினி தன் வீட்டுக்கும் வரும் என்று அறிந்த சமூகத்தின் ஒழுக்கம் அது. போட்டி என்ற பெயரில் முதலாளித்துவம் கற்பிப்பதற்கு நேர் எதிரான பாடம்.

இந்த மரபை அழிக்க எத்தனை வழிகள் கையாளப்பட்டன! கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக அடிபட்டனர். இது பண்பாட்டு இனப்படுகொலை என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் தீர்ப்புரைத்தது. அதன் 94 பரிந்துரைகளில் ஐந்து விளையாட்டைப் பற்றியவை. விளையாட்டை ஆணையம் பொழுதுபோக்காகக் கருதவில்லை.

நாய்களின் கதை இன்னும் கொடியது. 1950-களின் நடுப்பகுதி முதல் 1960-களின் இறுதி வரை, வடகியூபெக்கின் நுனாவிக் பகுதியில் இனுயிட் மக்களின் பனிவண்டி நாய்கள் ஆயிரத்துக்கு மேல் காவல்துறையினராலும் அதிகாரிகளாலும் கொல்லப்பட்டன. நாய் இல்லையேல் வேட்டை இல்லை. வேட்டை இல்லையேல் அரசு கட்டிய குடியிருப்பில் உதவித்தொகைக்குக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. உழைப்புக் கருவியைப் பறித்து மனிதனைச் சார்ந்திருப்பவனாக்கும் இந்த வித்தையை நம் நாட்டு விவசாயியும் நெசவாளியும் நன்கறிவர். 2024 நவம்பரில் கனடிய அரசு கங்கிக்சுயுவாக் என்ற ஊரில் இதற்கு மன்னிப்புக் கேட்டு 4.5 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. அரசின் சார்பில் அம்மன்னிப்பைக் கேட்ட அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவனாகக் கனடா சென்ற தமிழர். தன் மக்களுக்கு நேர்ந்ததற்கு எவரும் மன்னிப்புக் கேட்காத நிலையில், வேறொரு மக்களிடம் தன் அரசுக்காகத் தலைகுனிந்தவர் அவர். நாய்வண்டி ஓட்டம் இவ்விழாவின் போட்டிகளுள் ஒன்று என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

கிரீன்லாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்கத் துணை அதிபரின் மனைவி உஷா வான்ஸ், சிசிமியுட் நகரில் நடக்கும் நாய்வண்டிப் பந்தயத்தைக் காண வருவதாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டை எப்படியும் கைப்பற்றுவோம் என்று டிரம்ப் முழங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மக்களின் எதிர்ப்பு வலுத்ததும் பந்தயப் பயணம் கைவிடப்பட்டது. கணவனும் மனைவியும் பிட்டுஃபிக் இராணுவத் தளத்துக்கு மட்டும் சென்று திரும்பினர். அந்தத் தளத்தின் தேவைக்காகத்தான் 1953-இல் இனுகுயிட் வேட்டைக் குடும்பங்கள் சில நாள் அவகாசத்தில் தங்கள் ஊரைவிட்டு வடக்கே விரட்டப்பட்டன. விளையாட்டைக் காண வருவதாகச் சொல்லி, வந்து சேர்ந்தது இராணுவத் தளத்துக்கு! அமெரிக்காவோடு இணைய விரும்பவில்லை என்று அதே ஆண்டு சனவரியில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் 85 விழுக்காட்டினர் சொல்லியிருந்தனர்.

இனி, இவ்விழாவை நடத்துவோரிடம் நாம் கேட்க வேண்டியது. 1948-இல் பெரிங் நீரிணை எல்லை மூடப்பட்டபோது இரு கரைகளிலும் வாழ்ந்த உறவினர் பிரிக்கப்பட்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1988-இல் அலாஸ்காவின் நோம் நகரிலிருந்து சோவியத் ப்ரோவிதேனியாவுக்கு ஒரு நட்புறவு விமானம் பறந்தது. 1990-இல் யெல்லோநைஃப் போட்டிக்குச் சோவியத்தின் மகதான் பகுதி இளைஞர்களும் வந்தனர். பின்னர் யமால்-நெநெத்ஸ் பகுதி நிலையான உறுப்பாயிற்று. கலைமான் மேய்க்கும் நெநெத்ஸ் மக்களின் நிலம் அது. ரஷ்ய எரிவாயுவின் பெரும்பகுதி அவர்களின் காலடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2022-இல் உக்ரைன் போரைக் காரணம் காட்டி யமால் அணி விலக்கப்பட்டது.

புதினின் போரை நியாயப்படுத்த இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் 2003-இல் பொய்க் காரணம் சொல்லி ஈராக்கை அமெரிக்கா தாக்கியபோது அலாஸ்கா அணியை யார் விலக்கினார்கள்? 2004 போட்டியில் அலாஸ்கா பங்கேற்றது. 2006 போட்டி அலாஸ்காவின் கெனாய் தீபகற்பத்திலேயே நடந்தது. அலாஸ்கா பிள்ளைகளைத் தண்டிக்காதது சரியே. புஷ் செய்த குற்றத்துக்கு ஒரு யூபிக் சிறுமி ஏன் பொறுப்பேற்க வேண்டும்? அதே நீதி நெநெத்ஸ் சிறுவனுக்கு ஏன் இல்லை? போர்முனைக்கு ஆள்பிடிக்கும்போது தொலைதூரப் பழங்குடி ஊர்களை மாஸ்கோ விட்டுவைப்பதில்லை. அந்தச் சிறுவர்களுக்கு வெளியுலகோடு இருந்த ஒரு சாளரத்தையும் இங்கிருந்து அடைப்பதால் எந்தத் தளபதிக்கு இழப்பு?

நம் நாட்டு ஆட்சியாளர்களும் இதில் குளிர்காய வேண்டியதில்லை. 2025 சனவரியில் லேவில் ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டு கோலாகலமாகத் தொடங்கப்பட்டது. பனி ஹாக்கி ஆடும் லடாக் இளைஞர்களின் படங்கள் எங்கும் பரவின. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, மாநிலத் தகுதியும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு எழுந்த போராட்டத்தின்போது அதே லேவில் காவல்துறை சுட்டதில் நால்வர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து சோனம் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைப்பிடிக்கப்பட்டார். குல்மார்க்கில் நடக்க வேண்டிய அப்போட்டியின் இரண்டாம் கட்டமோ பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் 1979 முதல் வெப்பமடைந்து வருகிறது. ஃபோர்ட் சிப்பவையானுக்கு ஆண்டு முழுவதும் சாலை கிடையாது. குளிர்காலத்தில் பனி உறைந்த பிறகே அங்கு வண்டி செல்ல முடியும். அந்தப் பனிச் சாலை உறைவதும் உருகுவதும், சுரங்கத்தின் கழிவுநீர் கரைகடந்து வழிவதும், அங்குள்ள மாணவர் ஒருவர் அடுத்த போட்டிக்கான தேர்வுக்கு ஃபோர்ட் மெக்மர்ரே போய்ச் சேருவதும் ஒன்றோடொன்று பிணைந்த செய்திகள். விழாக்குழுவின் செலவுக் கணக்கில் கடைசிச் செய்திக்கு மட்டும்தான் ஒரு வரி இருக்கிறது.