அவன் இல்லாத வீட்டு இனிப்பு



‘எங்க வீட்டுல அவன் கெடையாது. இருந்தாலும் சமாளிச்சிரலாம்னு நெனைக்கேன். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.’

தக்கலைப் பக்கமிருந்து வந்த கடிதம் ஒன்று இப்படித் தொடங்கியது. குடும்பப் பிரச்சினைக் கடிதங்களைப் படித்துப் படித்துப் பழகிப்போன கண் எனக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் சொன்னது கேக் சுடுகிற அவன்!

விஷயம் இதுதான். மே மாதம் துபாயிலிருந்து மைனி வருகிறார், மும்பையிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது, மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அக்கம்பக்கத்தையும் சேர்த்தால் நாற்பது பேர். பிள்ளைகளுக்குப் பாயசம் வேண்டாமாம். ‘இத்தாலி ஸ்வீட்’ வேண்டுமாம். டிரமிசு என்று பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அவன் இல்லை. இருந்தாலும் அந்த வெயிலில் அதன் முன்னால் யார் நிற்பது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் டிரமிசு. அவன் தேவைப்படாத பண்டம்தான் அது. வடகிழக்கு இத்தாலியின் திரெவீசோ ஊரில் லே பெக்கெரியே என்ற உணவகம் 1970களின் தொடக்கத்தில் அதைப் பரிமாறத் தொடங்கியது. பக்கத்திலுள்ள ஃபிரியூலிக்காரர்கள், அதற்கு முன்பே எங்கள் ஊரில் இருந்தது என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். அடை பிரதமன் யாருடையது என்று நாமும் திருவனந்தபுரத்துக்காரர்களும் பேசிக்கொள்வதைப் போலத்தான். காப்பியில் நனைத்த பிஸ்கட், அதன்மேல் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் மஸ்கார்போனே என்ற பாலாடைக்கட்டியும் சேர்த்து அடித்த கலவை, அதற்கும் மேலே கோகோ தூள். அவ்வளவுதான். ஆனால் அந்த மஞ்சள் கரு பச்சையாகப் போவது. மே மாதத்தில், நாற்பது பேர் கூடும் வீட்டில், கைக்குழந்தையும் எண்பது வயதுத் தாத்தாவும் இருக்கும் பந்தியில், பச்சை முட்டைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். மஸ்கார்போனே கதை தனி. எங்கள் தெருமுனைக் கடையில் கேட்டபோது, ‘அது துணிக்குப் போடுகதா, மேலுக்குப் போடுகதா?’ என்றார் கடைக்காரர்.

ஆகவே டிரமிசு வேண்டாம். அதே நாட்டின் பன்னா கோத்தா இருக்கிறது. பாலின் மேலாடையைக் காய்ச்சியது என்பதுதான் பெயரின் பொருள். வடமேற்கிலுள்ள பியெமோந்தே பகுதி அதைத் தன்னுடையதென்று சொல்கிறது. மேலாடை, பால், சர்க்கரை, வாசனைக்கு வெனிலா. காய்ச்சி, உறைய வைக்க ஜெலட்டின் சேர்த்து, கிண்ணத்தில் ஊற்றிக் குளிர வைத்தால் முடிந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தால் தளதளவென்று ஆடிக்கொண்டு நிற்கும்.

நமக்கு இடிப்பது அந்த ஜெலட்டின். மாடு, பன்றி போன்றவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது அது. எந்த விலங்கு என்று பாக்கெட் பெரும்பாலும் சொல்வதில்லை. இனி விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். இந்த ஊரில் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுவாள். ரஜப் மாதத்தில் பீர்முகம்மது அப்பா தர்காவில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி பாடுவார்கள். நடுவில் ஒவ்வொரு கோயில்பற்றிலும் சர்ச் திருவிழா. இந்த மூன்று பக்கத்திலிருந்தும் ஆள் வராத கல்யாண வீடு தக்கலையில் ஏது? வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத அத்தை ஒரு பக்கம், ஹலால் பார்க்கும் பக்கத்து வீட்டு உம்மா மறுபக்கம். ‘இதுல என்ன சேர்த்திருக்கு?’ என்று ஒருவர் கேட்டுவிட்டுக் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தால் போதும், செய்தவர் முகம் விழுந்துவிடும். ஹலால் ஜெலட்டின் என்று தனியாகக் கிடைக்கிறது. அத்தைக்கு அதனால் என்ன லாபம்?

இதற்கான விடை அந்தப் பக்கத்து வீட்டு உம்மாவின் அடுக்களையில் எப்போதுமே இருக்கிறது. நோன்பு மாதத்தில் கஞ்சியோடும் வடையோடும் ஒரு தட்டு வருமே, ரோஸ் நிறத்தில், சாய்சதுரமாக வெட்டி, கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு. கடல்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் வெள்ளைச் சேமியாக் கற்றைபோல ஒன்றைத் தருவார்கள். நம் ஆட்களுக்கு வெளியிலிருந்து வந்ததெல்லாம் சீனாதான்: சீனச்சட்டி, சீனப்பரணி, சீனி. இத்தாலி இனிப்பும் அந்த வரிசையில் சேரட்டும்.

கடல்பாசி உண்மையில் ஜப்பான்காரர்கள் கையில் உருவான பண்டம். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் மீந்துபோன பாசிக்கூழைப் பனிக்கால இரவில் வெளியே கொட்டினார், அது உறைந்து, வெயிலில் காய்ந்து சருகாகக் கிடந்தது, எடுத்துக் கொதிக்கவிட்டால் மறுபடியும் உறைந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். ஆனால் பாசி நம் கடலிலும் உண்டு. பாம்பன், மன்னார் வளைகுடாப் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இதைக் காய்ச்சுகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. பத்து கிராம் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அந்த மூச்சடக்கலும் ஞாபகத்துக்கு வரட்டும்.

மதம் மட்டுமல்ல, வெயிலும் கடல்பாசியின் பக்கம்தான் பேசுகிறது. ஜெலட்டினில் உறைந்தது முப்பது, முப்பத்தைந்து டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதாவது மே மாதத்து நண்பகலில் நம் பந்தலுக்குள் இருக்கும் சூடு. மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் பன்னா கோத்தா மறுபடியும் பாலாகி இருக்கும். கடல்பாசி நாற்பது டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே, ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். உறைந்ததை உருக்க வேண்டுமானால் எண்பத்தைந்து டிகிரி வேண்டும்.

இதை உலகத்துக்குச் சொன்னதும் ஒரு அடுக்களைதான். 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை வந்ததும் தட்டெல்லாம் உருகி ஓடியது. நீ செய்யும் ஜெல்லி மட்டும் எப்படி இந்தச் சூட்டில் நிற்கிறது என்று மனைவி ஃபேனியைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு டச்சுக் குடும்பத்திடமிருந்து ஃபேனி கற்றுக்கொண்ட பொருள் அது. அகர் அகர், நம் கடல்பாசி. அடுத்த ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது, ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. இன்றைக்கும் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்ப்பது பெரும்பாலும் அதன்மேல்தான். சமையலறையிலிருந்து போன யோசனைக்குப் பெயர் போடாத வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது போலும்.

சரி, செய்முறை. மேலாடைக்குப் பதில் நமக்குத் தேங்காய்ப்பால் இருக்க, கடையில் டப்பா எதற்கு? நாற்பது சின்னக் கிண்ணத்துக்கு நல்ல முற்றின தேங்காய் ஐந்தாறு போதும். துருவிப் பிழிந்து ஒன்றாம்பால் ஒன்றேகால் லிட்டர், இரண்டாம்பால் முக்கால் லிட்டர் தனித்தனியாக எடுத்து வையுங்கள். கருப்பட்டி அறுநூறு கிராம். கடல்பாசி முப்பது கிராம். இரண்டு விரல் நுனி உப்பு. ஏலக்காய் வேண்டாம், அது பாயசத்தின் மணம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் மலையில் விளையும் கிராம்பு நாலைந்தைத் தட்டிப் போடுங்கள். கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடே வாங்கியாகிவிட்டது, வெனிலாவிடம் எதற்குப் போக வேண்டும்?

கடல்பாசியைக் கத்தரியால் நறுக்கி அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒன்றேகால் லிட்டர் புதுத் தண்ணீரில் போட்டு, ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கட்டும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் நூல்போல எதுவும் தொங்கக்கூடாது. இங்கே அவசரப்பட்டவர்கள்தான் பிறகு ‘எனக்கு உறையல’ என்று எழுதுகிறார்கள். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் உருக்கி, மண் போக வடிகட்டி, கிராம்பும் உப்பும் சேர்த்து இதில் ஊற்றுங்கள். அடுத்து இரண்டாம்பால். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒன்றாம்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைச் சில்லென்றும் ஊற்றக்கூடாது, ஊற்றிய இடத்தில் கடல்பாசி கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தனியாக வெதுவெதுப்பாக்கி, அதன்பிறகு ஊற்றிக் கலக்கி, எல்லாவற்றையும் ஒருமுறை வடிகட்டுங்கள்.

இனி ஒரு நுணுக்கம். சுடச்சுட அப்படியே கிண்ணத்தில் ஊற்றினால், உறைவதற்குள் தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே ஏறி, கீழே தவிட்டு நிறத்தில் ஒரு அடுக்கும் மேலே வெள்ளையாக ஒரு அடுக்கும் ஆகிவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்து வீட்டு உம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். ‘ரெண்டு கலர்ல எப்படி மக்களே ஊத்துன?’ என்று அவர் செய்முறை கேட்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒரே நிறமாக வேண்டுமென்றால் பாத்திரத்தில் வைத்தே மெதுவாகக் கிண்டிக்கொண்டிருங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து, லேசாகக் கெட்டிப்படத் தொடங்கும்போது ஊற்றுங்கள். தாமதமாகிப் பாத்திரத்திலேயே உறைந்துபோனாலும் கவலையில்லை, இளந்தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் மறுபடியும் உருகும், மறுபடியும் உறையும். ஜெலட்டினைப் போலன்றி, பச்சைக் கைதச்சக்கை (அன்னாசி) துண்டைச் சேர்த்தாலும் இது கெட்டுப்போகாது.

ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் இடமில்லையென்றால், அகலப் பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் விட்டுக் கிண்ணங்களை அதில் நிறுத்துங்கள். காலையில் செய்தது மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். தேங்காய்ப்பாலை வெயிலில் நம்பி வைக்கக்கூடாது. பரிமாறும்போது மேலே சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டிப் பாகு ஒரு கரண்டி, இரண்டு வட்டம் மட்டிப்பழம். மட்டியும் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. இந்த மண் வாசனைக்கும் கருப்பட்டிக்கும் அந்தச் சின்னப் பழத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இத்தாலிக்காரர் ஒருவர் இதைச் சாப்பிட்டால் பன்னா கோத்தா என்று ஒப்புக்கொள்வாரா? மாட்டார். ஜெலட்டின் வாய்ச்சூட்டில் கரைந்து வழுக்கிப் போகும், கடல்பாசி பல்லுக்கு லேசாகத் தட்டுப்பட்டு உடையும். அந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது. கடல்பாசியைக் கூட்டாமல், ஒன்றாம்பாலைக் குறைக்காமல் இருந்தால் பாதி தூரம் போகலாம். மீதித் தூரத்துக்கு இத்தாலிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் ஊட்டுப்புரையைப் பார்க்காமல் வருவதில்லை. கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நீண்ட கூடம். ஊறுகாய் வைத்த பெரிய பரணிகளைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் ஒரே யோசனைதான்: அத்தனை பேருக்கும் பாயசம் கிண்டியவர்கள் எப்போது சாப்பிட்டார்கள்? நம் வீடுகளிலும் விருந்து நாளில் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்த பிறகும் உருளி முன்னால் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். பெரும்பாலும் மூத்த மைனி. ‘நீங்க சாப்பிடுங்க, அடி புடிச்சிரும்’ என்று குரல் மட்டும் வரும். குழுப் புகைப்படங்களில் அவள் இருக்கவே மாட்டாள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: காலை எட்டரைக்குத் தொடங்கினால் பத்தரைக்குள் உங்கள் வேலை முடிந்துவிடும். நாற்பது பேர் என்றால் நாற்பத்தைந்து கிண்ணம் ஊற்றுங்கள், நடுவில் இரண்டு மூன்றைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாயசம் இல்லாமல் விருந்தா என்று அத்தை முணுமுணுத்தால் கடையில் போளியும் பாலடைப் பாயசமும் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பந்தி முடிந்து எடுக்கும் படத்தை எனக்கு அனுப்புங்கள். நீங்களும் இருக்கிற படம்.

அன்புடன்,
ஆசிரியர்